வாய் தவறி வந்த சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய் தவறுவது என்று எதைச் சொல்கிறோம்?

சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது இன்னொன்று. சரியான சொல் உங்களுக்கு நன்றாகத் தெரியும். சொன்ன மறுநொடியே "ச்சே, அது இல்ல" என்று நீங்களே திருத்திக்கொள்வீர்கள், அல்லது யாராவது சுட்டிக்காட்டினால் உடனே ஒப்புக்கொள்வீர்கள். இவ்வளவும் இருந்தால் அது நாப்பிறழ்வு. எப்போதுமே "வாழைப்பழம்" என்பதை "வாளப்பளம்" என்று சொல்பவருக்கு அது பேச்சு வழக்கு, பிறழ்வல்ல. திக்குவாயும் சேராது, அங்கே சொல் சரியாகவே கிடைத்துவிட்டது, வெளியே வருவதில்தான் தடை. கோபத்தில் நினைத்ததைக் கொட்டிவிட்டு மறுநாள் "ஏதோ வாய் தவறிடுச்சு" என்பார்களே, அதற்கும் இந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை முறை தவறும்?

ஆங்கிலத்தில் இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து எண்ணியவர்கள் ஏறத்தாழ 1000 சொல்லுக்கு ஒன்று என்கிறார்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தால், விடாமல் பேசும் ஏழு நிமிடத்துக்கு ஒன்று. தமிழ்ச் சொல் நீளமானது, ஒட்டுகள் சேர்ந்தது என்பதால் இதே கணக்கை அப்படியே போட முடியாது. ஆனால் "எனக்குத்தான் அடிக்கடி உளறுது" என்று கவலைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த அளவுக்குள்தான் இருப்பார்கள்.

என்னென்ன வகைகள்?

பின்னால் வர வேண்டிய ஒலி முந்திக்கொள்வது ஒன்று: "கடைத்தெரு" என்பது "தடைத்தெரு" ஆவது. சொல்லி முடித்த ஒலி விலகாமல் நிற்பது இன்னொன்று: "பால் சோறு" என்பது "பால் போறு" ஆவது. ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால் இடித்துக்கொள்ளும்: சீக்கிரமும் வேகமும் சேர்ந்து "வேக்கிரமா வா" என்று வரும். இவை போக, ஒரு முழுச் சொல்லின் இடத்தில் இன்னொரு முழுச் சொல் வந்து உட்காருவது. வாய் தவறுவதில் அடக்கிவைத்த ஆழ்மன எண்ணம் வெளிப்படுகிறது என்ற உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு பேசியது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையை.

தமிழில் கவனிக்கவேண்டிய வகை இது. "ஃப்ரிட்ஜுக்குள்ள பாலை வை" என்று சொல்ல வந்தவர் "பாலுக்குள்ள ஃப்ரிட்ஜை வை" என்பார். பெயர்கள் இடம் மாறின. "உக்குள்ள", "ஐ" என்ற உருபுகள் அசையவில்லை. அதோடு, புது இடத்தில் வந்த பெயருக்கு ஏற்றபடி உருபு ஒழுங்காகப் புணர்ந்தும் விட்டது. இதிலிருந்து என்ன தெரிகிறது? மூளை முதலில் உருபுகளோடு ஒரு சட்டகம் போடுகிறது. பெயர்களைப் பிறகு அதில் செருகுகிறது, ஒலியைக் கடைசியில் சரிசெய்கிறது. ஆங்கிலத்தில் இதே வகையை 1970களில் மொழி உளவியலாளர் மெரில் காரெட் விளக்கினார். மொழியியலாளர் விக்டோரியா ஃப்ராம்கின் 1971இல் காட்டியதும் இதைத்தான்: பிறழ்வு என்பது ஒழுங்கு கெட்ட குப்பை அல்ல, அதுவும் மொழியின் விதிக்குள்ளேயே நடக்கிறது. வாய் எவ்வளவு தவறினாலும் தமிழ் பேசுபவர் வாயில் "ங்" என்று தொடங்கும் சொல் பிறப்பது அரிது.

எழுத்துகள் இடம் மாறுவதும் இந்த விதியில்தானா?

ஆமாம். பள்ளியில் படித்த இலக்கணத்திலேயே சான்று இருக்கிறது. தசை – சதை, விசிறி – சிவிறி, ஞிமிறு – மிஞிறு, நாளிகேரம் – நாரிகேளம். இவற்றை எழுத்து நிலைமாற்றம் என்கிறோம். "தசை"யைப் பிரித்துப் பாருங்கள்: த்+அ, ச்+ஐ. "சதை": ச்+அ, த்+ஐ. மெய்கள் மட்டும் இடம் மாறின, அகரமும் ஐகாரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நாளிகேரத்திலும் ளகரமும் ரகரமும்தான் மாறின. பிறழ்வுகளைத் தொகுத்தவர்கள் எல்லா மொழியிலும் காண்பது இதையே: மெய் மெய்யோடு மாறும், உயிர் உயிரோடு மாறும், அசையின் தொடக்கம் தொடக்கத்தோடு மாறும். கிராமத்தில் குதிரை "குருதை" ஆனதும் இந்த வழியில்தான். யாரோ ஒருவருக்கு வாய் தவறியது ஊருக்கே வழக்காகிவிட்டால் அதற்கு இலக்கணத்தில் இடம் கிடைத்துவிடும். தசையைச் சதை என்பதில் யாருடைய ஆழ்மன ஆசையையும் யாரும் தேடுவதில்லை.

ஃபிராய்டு என்னதான் சொன்னார்?

சிக்மண்ட் ஃபிராய்டு 1901இல் வியன்னாவில் அன்றாட வாழ்வின் தவறுகளைப் பற்றி எழுதினார். பெயர் மறப்பது, தவறாக வாசிப்பது, பொருளைத் தொலைப்பது, வாய் தவறுவது எல்லாமே அவருக்கு ஒரே இனம். சொல்ல வந்த எண்ணம் ஒன்று, அதைக் குலைக்கும் எண்ணம் இன்னொன்று. அடக்கிவைத்த இரண்டாவது எண்ணம் இடுக்கு கிடைத்ததும் வெளியே எட்டிப்பார்க்கிறது என்றார்.

களைப்பு, அவசரம், ஒலி ஒற்றுமை எல்லாம் காரணமில்லையா என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு உவமை வைத்திருந்தார். இருட்டில், ஆளில்லாத தெருவில் ஒருவனைத் திருடன் மடக்கிப் பறித்துவிடுகிறான். அவன் காவல் நிலையத்துக்குப் போய் "இருட்டும் தனிமையும் என் பொருளைப் பிடுங்கிக்கொண்டன" என்று புகார் எழுதினால் எப்படி இருக்கும்? களைப்பு வெறும் இருட்டு, திருடன் வேறு என்பது ஃபிராய்டின் கட்சி. அழகான உவமைதான். ஆனால் திருடன் ஒருவன் இருந்தான் என்பதை அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. கேள்வியே அதுதானே.

அவருக்கு முன் யாரும் இதை ஆராயவில்லையா?

ஆராய்ந்தார்கள், அதே வியன்னாவில். மொழியியலாளர் ருடால்ஃப் மெரிங்கரும் மருத்துவர் கார்ல் மாயரும் 1895இல் பெரிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். ஃபிராய்டு கையாண்ட உதாரணங்களில் பல அங்கிருந்து எடுத்தவை. அதனால் ஒரே பிறழ்வுக்கு இரண்டு தீர்ப்பு நமக்குக் கிடைக்கிறது.

ஒரு விருந்து. மேலதிகாரியின் நலத்துக்காகக் கோப்பையை மோதிக்கொள்ளலாம் என்று அழைக்க எழுந்தவர், "மேலதிகாரியின் நலத்துக்காக ஏப்பம் விடுவோம்" என்று சொல்லிவிட்டார். ஜெர்மனில் கோப்பை மோதுவது "ஆன்ஷ்டோசன்", ஏப்பம் விடுவது "ஆவுஃப்ஷ்டோசன்". முன்னொட்டு ஒன்றுதான் வித்தியாசம். அடக்கிவைத்த ஏளனம் வெளியே வந்துவிட்டது என்றார் ஃபிராய்டு. மெரிங்கரோ அந்த வாக்கியத்தையே பார்த்தார். "உங்களை அழைக்கிறேன்" என்பதில் ஒரு "ஆவுஃப்", "நலத்துக்காக" என்பதில் இன்னொரு "ஆவுஃப்", இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன. மூன்றாவது இடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பால் சோறு "பால் போறு" ஆன கதை.

மேலதிகாரியை அவருக்குப் பிடிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு வெறுப்பு தேவைப்படவில்லை.

கூட்டத்தைத் தொடங்கும்போதே "முடிந்தது" என்று சொன்ன அவைத்தலைவர் கதை உண்மையா?

உண்மை. ஆஸ்திரிய நாடாளுமன்றத்தின் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய இடத்தில் "கூட்டம் முடிவுற்றதாக அறிவிக்கிறேன்" என்றார். இதையும் எழுதிவைத்தவர் மெரிங்கர்தான். கூட்டம் நல்லபடியாக நடக்காது என்று அவருக்குத் தெரியும், முடிந்தால் போதும் என்றிருந்தார் என்பது ஃபிராய்டின் விளக்கம். எதிர்ச்சொற்கள் மனதில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை என்பதும் உண்மை. இடது வலது, நாளை நேற்று, திற மூடு எல்லாம் எல்லோர் வாயிலும் மாறும். "இடது பக்கம் திரும்புங்க" என்று வலது கையைக் காட்டும் ஆட்டோ பயணிக்கு வலதுசாரி ஆசை ஏதும் இருக்காது.

ஃபிராய்டின் முறை எப்படி? அதில் எங்கே கோளாறு?

தவறிய சொல்லை எடுத்துக்கொண்டு, அதைத் தொட்டு மனதில் எது வந்தாலும் வடிகட்டாமல் சொல்லச் சொல்வார். சங்கிலி போய் நிற்கும் இடமே காரணம்.

புகழ்பெற்ற உதாரணம் இது. ஓர் இளைஞர் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் லத்தீன் வரி ஒன்றைச் சொல்லும்போது "அலிக்விஸ்" (யாரோ ஒருவர்) என்ற சொல்லை விட்டுவிட்டார். ஃபிராய்டு அதைத் தொட்டுப் பேசச் சொன்னார். அலிக்விஸ் என்ற ஒலி திரவத்தை (லிக்விட்) நினைவூட்டியது. அங்கிருந்து புனிதர்களுக்கு, அவர்களிலும் நேப்பிள்ஸ் நகரத்தில் குறித்த நாளில் இளகுவதாக நம்பப்படும் ஜனுவாரியஸ் என்பவரின் இரத்தத்துக்குப் போனது. கடைசியில், ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய்விட்டதோ என்ற பயத்தில் வந்து நின்றது.

இத்தாலிய மொழிநூல் அறிஞர் செபாஸ்தியானோ திம்பனாரோ 1974இல் இதைப் பிரித்துக் காட்டினார். அந்த வரியில் உள்ள வேறு எந்தச் சொல்லை மறந்திருந்தாலும் இதே பயத்துக்குச் சங்கிலி போட்டிருக்கலாம் என்றார். அந்த இளைஞர் மனதில் அந்தப் பயம் ஏற்கெனவே இருந்தது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் அவர் கால் அங்கேதான் போகும். அலிக்விஸ் விழுந்ததற்கு எளிய காரணமும் உண்டு. அந்த வரியில் அது வழக்கத்துக்கு மாறான அமைப்பில் நிற்கிறது, விட்டாலும் பொருள் ஏறக்குறைய நிற்கும். பயம் உண்மை, மறதியும் உண்மை. பயத்தால்தான் மறந்தார் என்பது மட்டும் நிறுவப்படவில்லை.

ஆய்வகத்தில் சோதிக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. பெர்னார்ட் பார்ஸ், மைக்கேல் மாட்லி ஆகியோர் 1970களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திரையில் இரண்டிரண்டு சொற்களாக வேகமாக வரும், மனதுக்குள் படிக்க வேண்டும், மணி அடித்தால் மட்டும் கடைசி இணையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன்னால் வரும் இணைகள் எல்லாம் ஒரே முதலெழுத்து வரிசையில் வரும். மணி அடிக்கும் இணையில் மட்டும் அந்த வரிசை தலைகீழாக இருக்கும். பழக்கத்தில் நாக்கு முதலெழுத்துகளை மாற்றிவிடும். மாறிவரும் சொற்கள் அகராதியில் உள்ளவையாக இருந்தால் பிறழ்வு அதிகம், பொருளற்றவையாக இருந்தால் குறைவு. அதாவது வாய்க்குப் போகும் முன் உள்ளே ஒரு காவல்காரர் பார்க்கிறார். அர்த்தமுள்ள தவறைத்தான் ஏமாந்து விடுகிறார்.

பிறகு மாட்லி குழு இதை ஃபிராய்டு பக்கம் திருப்பியது. ஒரு பிரிவினரின் உடம்பில் மின்கம்பி ஒட்டி, எப்போது வேண்டுமானாலும் ஷாக் அடிக்கலாம் என்றார்கள் (அடிக்கவில்லை). இன்னொரு ஆண்கள் பிரிவில் கவர்ச்சியாக உடுத்திய பெண் ஒருவர் சோதனையை நடத்தினார். முதல் பிரிவில் "ஷேட் பாக்" என்ற பொருளற்ற இணை, மோசமான மின்னதிர்ச்சி என்று பொருள்படும் "பேட் ஷாக்" ஆக மாறுவது கூடியது. இரண்டாவது பிரிவில் பெண்ணைப் பற்றிய பிறழ்வுகள் கூடின.

அப்படியானால் ஃபிராய்டு சொன்னது சரிதானே?

பாதி. இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும். மனதில் ஓடுகிற விஷயம் நாக்கைச் சாய்க்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஷாக் அடிக்குமோ என்ற பயம் அடக்கி ஒளித்துவைத்த எண்ணமா? இல்லையே, அந்த நிமிடத்தில் மனதின் முன்வாசலில் நிற்கிற எண்ணம். அது தவறை உண்டாக்கவும் இல்லை. இடறுவதற்கான பள்ளத்தை முதலெழுத்து வரிசைதான் தோண்டியது. விழும் பக்கத்தைப் பயம் கொஞ்சம் தள்ளியது. ஆகவே ஒருவர் வாய் தவறினால் "இவருக்கு இப்போது மனதில் இது ஓடுகிறது போல" என்று நினைக்க ஓரளவு இடமுண்டு. "இவருக்கே தெரியாத ஆசை இது" என்று சொல்ல அந்த ஒரு சொல் போதாது.

2022இல் ஜார்ஜ் புஷ் "ஈராக்" என்று சொன்னது மனசாட்சியா?

மே 2022இல் டல்லாஸில் பேசும்போது, உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்க வந்த முன்னாள் அமெரிக்க அதிபர், எந்த நியாயமும் இல்லாத கொடூரமான ஈராக் படையெடுப்பு என்று சொல்லி, உடனே உக்ரைன் என்று திருத்தினார். 75 வயதாகிவிட்டது என்று சொல்ல அரங்கம் சிரித்தது. 2003இல் ஈராக்குக்குப் படை அனுப்பியவர் அவரே. ஆண்டுக்கணக்கில் "படையெடுப்பு" என்ற சொல்லோடு அவர் வாயிலும் காதிலும் ஒட்டிக்கிடந்த நாட்டுப் பெயர் ஈராக். இரண்டும் நாடு, இரண்டும் போர், இடம் ஒன்று. பழகிய சொல் முந்தியது. குற்ற உணர்வு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பழக்கம் மட்டுமே போதுமான காரணம் என்பதால், இந்தப் பிறழ்வை வைத்து எதையும் நிறுவ முடியாது. கேட்டவர்களுக்கு அது மறக்காது என்பது வேறு விஷயம்.

அம்மா என் பெயருக்குப் பதில் தம்பி பெயர், அக்கா பெயர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார். அவர்களைத்தான் அதிகம் பிடிக்குமா?

இல்லை. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். குடும்பத்தார் பெயர் குடும்பத்தார் பெயரோடும், நண்பர் பெயர் நண்பர் பெயரோடும் மாறுகிறது. பெயர்களின் ஒலி ஒற்றுமைக்குச் சிறு பங்குதான், முக ஒற்றுமைக்கு இன்னும் குறைவு. வேடிக்கை என்னவென்றால் வளர்ப்பு நாயின் பெயரும் பிள்ளைகள் பட்டியலில் சேர்கிறது, பூனையின் பெயர் சேர்வதில்லை. அம்மா உங்களை நாய் பெயரில் கூப்பிட்டால் நாயும் வீட்டுப் பிள்ளை என்று பொருள்.

கணவர் பழைய காதலி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். இதுவும் அப்படித்தானா?

அலமாரி ஒன்றுதான்: "நெருக்கமாகக் கூப்பிட்ட பெண்ணின் பெயர்". நீண்ட நாள் பழகிய பெயர் என்றால், அதே தொனியில் கூப்பிடும்போது பழைய பெயர் முந்துவது நடக்கக்கூடியதே. அந்த ஒரு தடவையை வைத்து வழக்கு நடத்த வேண்டாம். ஆனால் இதுவரை கேள்விப்படாத புதுப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது இப்போது அடிக்கடி புழங்கும் பெயர் என்று பொருள். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவராகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிறழ்வைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

கும்பகர்ணன் வரம் கேட்ட கதையும் நாப்பிறழ்வுதானே?

நித்தியத்துவம் கேட்க வந்தவன் வாயில் "நித்திரத்துவம்" வந்தது. ஓர் அசை மாறியதில் சாகாவரம் தூக்கமாகிவிட்டது. ஒலியளவில் பாடப்புத்தக உதாரணம். ஆனால் கதையில் காரணம் அவன் உள்மனம் அல்ல, தேவர்களுக்காக நாவில் வந்து அமர்ந்த சரஸ்வதி. திருடன் வெளியிலிருந்து வருகிறான்.

வீட்டில் செய்து பார்க்கத் தமிழில் சோதனை உண்டா?

உண்டு. அட்டைகளில் இணைகளை எழுதுங்கள்: பல் – மரம், பூனை – மீன், படி – மணி, பால் – மோர், பேனா – மூக்கு. அடுத்த அட்டை: மாடு – பாட்டு. நொடிக்கு ஒன்றாகக் காட்டி, மனதுக்குள் படிக்கச் சொல்லுங்கள். "மாடு – பாட்டு" வந்து மறைந்ததும் கை தட்டுங்கள். உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "பாடு – மாட்டு" என்று வந்தால் பிறழ்வு. ஒப்பிட, கடைசி அட்டையாக "மிளகு – பசு" வைத்துப் பாருங்கள். அது மாறினால் "பிளகு – மசு" என்று பொருளற்றதாகும், அதனால் குறைவாகத்தான் வர வேண்டும். நடுநடுவே வேறு எழுத்து இணைகளைச் சேர்த்து, அவற்றுக்கும் சிலசமயம் கை தட்டுங்கள். இல்லாவிட்டால் ஆள் உஷாராகிவிடுவார். மெதுவாகக் காட்டினாலோ யோசிக்க நேரம் கொடுத்தாலோ ஒன்றும் வராது. எல்லோருக்கும் எல்லா முறையும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் பிறழ்வுக்குப் பொருள் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நடந்த உடனே குறித்துக்கொள்ளுங்கள்: சொல்ல வந்தது, வந்தது, முழு வாக்கியம், எதிரில் இருந்தவர், தூக்கம் போதுமா, அவசரமா, அந்த நொடி மனதில் ஓடியது என்ன. கடைசியில் சொன்னதை விளக்கம் தேடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் விளக்கத்துக்கு ஏற்றபடி நினைவு வளைந்துவிடும்.

பிறகு எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். தவறிய ஒலியோ சொல்லோ அதே வாக்கியத்தில் முன்னோ பின்னோ இருக்கிறதா? இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால், ஒலியில் ஒத்த சொல்லா, எதிர்ச்சொல்லா, ஒரே இனமா? அதுவும் இல்லையென்றால், தினமும் அதிகம் புழங்கும் சொல்லா? இவற்றில் எதிலும் அடங்காதது வெகு சிலவே மிஞ்சும். அவற்றிலும் ஒரே மாற்றம் வேறுவேறு வாக்கியங்களில், வேறுவேறு நாட்களில் திரும்பி வந்தால்தான் யோசிக்க ஏதாவது இருக்கும்.

குறிக்காமல் நினைவை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். சங்கடப்படுத்திய பிறழ்வு பத்து வருடம் நிற்கும்; "பாலுக்குள்ள ஃப்ரிட்ஜ்" மாலைக்குள் மறந்துபோகும். அப்புறம் பிறழ்வு எல்லாமே உள்நோக்கம் உள்ளவை என்றுதான் தோன்றும்.

மேடையில் தவறாமல் பேச?

"அந்தப் பெயரை மட்டும் சொல்லிடக் கூடாது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மேடை ஏறாதீர்கள். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அதை நினைத்து மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். தவிர்க்க வேண்டிய சொல்லை விடுங்கள், சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். வரவேற்புரையில் ஒலியில் ஒத்த பெயர்களை அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் வேறு பெயர் வையுங்கள். வேகத்தைக் குறையுங்கள், வேகம் கூடினால் பிறழ்வு கூடும்.

தவறிவிட்டால்? சொற்றொடரின் தொடக்கத்துக்குப் போய்ச் சரியாக ஒருமுறை சொல்லித் தொடருங்கள். தவறிய சொல்லை நீங்களே மறுபடி சொல்லி விளக்கம் கொடுத்தால், சரியாகக் கேட்காதவருக்கும் அது போய்ச் சேரும், அடுத்த வாக்கியத்தில் மறுபடி வரவும் தயாராக இருக்கும்.

தட்டச்சில் வரும் தவறு?

பெரும்பாலும் பக்கத்து விசை, இல்லாவிட்டால் கைப்பேசி தானாகத் திருத்தியது. ல, ள, ழ குழப்பத்தில் உளவியல் தேட வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பேச்சு திடீரென்று குழறினால், சொற்கள் சம்பந்தமில்லாமல் வந்தால், முகம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை தொங்கினால் அது பக்கவாதமாக இருக்கலாம். தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை இறங்கியதாலும் குழறலாம், அதுவும் அவசரம்தான்.

மெதுவாக மாதக்கணக்கில் வருவதற்கு அடையாளம் வேறு. பழகிய பொருட்களின் பெயர் வராமல் "அது", "இது" என்று பேச்சு நிரம்புவது, தவறாகச் சொல்லிவிட்டு அது தவறு என்றே தெரியாமல் தொடர்வது. "ச்சே, அது இல்ல" என்ற அந்தத் திருத்தம் வராமல் போனால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.